செல்டன்ஹம் ஃபெஸ்டிவல் 2025: மூணு நாள் நேர்ல பார்த்துட்டு வந்து எழுதுறேன்

பல வருஷமா டிவில மட்டுமே பார்த்துட்டு இருந்த குதிரை ரேஸ் ஃபெஸ்டிவல் இது. 2025 மார்ச்ல தான் முதல் தடவையா நேர்ல போனேன், என் தம்பியும் கூட வந்தான். இங்கிலாந்துல செல்டன்ஹம் ஊருக்கு வெளிய பிரெஸ்ட்பரி பார்க்ல நடக்கும், செவ்வாய் ஆரம்பிச்சு வெள்ளி வரைக்கும் நாலு நாள், தினம் 7 ரேஸ், மொத்தம் 28. 2005க்கு முன்னாடி மூணு நாள் தான் இருந்துச்சாம். நாங்க செவ்வாய், புதன், வெள்ளிக்கு டிக்கெட் எடுத்தோம், வியாழன் ரெஸ்ட் எடுக்கலாம்னு விட்டுட்டோம்.

முதல்ல டிக்கெட் விஷயம், ஏன்னா நிறைய பேர் இதுல தான் விலைய மட்டும் பார்த்து எடுத்துட்டு போய் ஏமாந்து நிக்கிறாங்க. மூணு பகுதி இருக்கு. கிளப் தான் காஸ்ட்லி, அடுத்தது டாட்டர்சால்ஸ், விலை கம்மியானது பெஸ்ட் மேட். 2002, 2003, 2004 மூணு வருஷமும் இங்க பெரிய ரேஸான கோல்டு கப் ஜெயிச்ச பெஸ்ட் மேட் குதிரையோட பேரு தான் அது. பெஸ்ட் மேட் பகுதி ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம், டிராக்க தாண்டி இருக்கு, அங்கருந்து ரேஸ் நல்லாவே தெரியும் ஆனா பரேட் ரிங்குக்கு வர முடியாது, ஜெயிச்ச குதிரை திரும்பி வர்ற இடத்துக்கும் போக முடியாது. நாங்க செவ்வாயும் புதனும் டாட்டர்சால்ஸ், வெள்ளிக்கிழமை வேணும்னே பெஸ்ட் மேட் எடுத்தோம், ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரிஞ்சுக்கலாம்னு. என் கருத்து இது தான்: முதல் தடவை போறவங்க எப்படியாவது கொஞ்சம் சேர்த்து வச்சு டாட்டர்சால்ஸ் எடுங்க, மூணு நாள் பெஸ்ட் மேட்ல நிக்கிறதுக்கு பதிலா ரெண்டு நாள் டாட்டர்சால்ஸ் போங்க.

ஏன்னா இந்த ஃபெஸ்டிவல்ல பாதி சந்தோஷம் பரேட் ரிங்ல தான் இருக்கு. ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னாடி குதிரைங்கள ஒரு வட்டத்துல நடத்திட்டு வருவாங்க, நாம வேலி ஓரம் நின்னா கைக்கு எட்டுற தூரத்துல போகும், அந்தத் தோல் பளபளப்பு, கழுத்து நரம்பு, சிலது ரொம்ப அமைதியா தலையத் தொங்கப் போட்டுட்டு நடக்கும், சிலது வேர்த்து நுரை தள்ளி நிக்கும், இதெல்லாம் டிவில ரெண்டு நொடி காட்டிட்டு விளம்பரத்துக்குப் போயிடுவாங்க. அப்புறம் குதிரைய ஓட்டுற ஜாக்கிங்க வருவாங்க, ட்ரெய்னர் ஏதோ சொல்வாரு, ஏத்தி விடுவாங்க, குதிரைங்க டிராக்குக்குக் கிளம்பும். உடனே நாம ஸ்டாண்டுக்கு ஓடணும், ரேஸ் முடிஞ்ச அடுத்த நிமிஷம் மறுபடி ரிங் பக்கம் ஓடியாரணும், ஏன்னா ஜெயிச்ச குதிரை அங்க தான் வரும், சுத்தி படிக்கட்டு மாதிரி இருக்கு, ஆயிரக்கணக்குல ஜனம் நின்னு கை தட்டும். ஒரு நாளைக்கு ஏழு தடவை இப்படி ஓடினோம், சாயங்காலம் கால் விண்ணு விண்ணுனு தெறிச்சுது, ஆனா ஒரு தடவை கூட வேண்டாம்னு தோணல. ரிங் பக்கத்துல ஆர்க்கிள் சிலை இருக்கு, 1964ல இருந்து 66 வரைக்கும் தொடர்ந்து மூணு கோல்டு கப் எடுத்த குதிரை. டான் ரன் சிலையும் இருக்கு, சாம்பியன் ஹர்டில்னு இன்னொரு பெரிய ரேஸ், கோல்டு கப், ரெண்டுமே ஜெயிச்ச பெண் குதிரை அது.

ஜம்ப் ரேஸ் புதுசா பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். ஹர்டில்னா தாண்டுற தடை உயரம் கம்மி, மூணரை அடி தான், தட்டினா சாயும், அதனால வேகமா ஓடும். சேஸ்னா ஃபென்ஸ், குறைஞ்சது நாலரை அடி, அடர்த்தியா கட்டின மிலாறு (மெல்லிய குச்சிங்க), அத தட்டினா குதிரைக்கு தான் அடி. ரெண்டுலயும் கடைசில ஒரு ஏத்தம் இருக்கு பாருங்க, அது தான் செல்டன்ஹம். டிவில அது சமதளம் மாதிரி தெரியும், நேர்ல நின்னா தான் அது மேடுனு புரியுது. இறக்கத்துல வேகமா வந்து, கடைசி ஃபென்ஸ் தாண்டி, நல்லா முன்னாடி வந்துட்டு இருக்கிற குதிரை அந்த மேட்டுல அப்படியே கால் கனத்துப் போய் நிக்கிற மாதிரி ஆயிடும், பின்னாடி இருந்து ஒண்ணு வந்து புடிச்சிடும்.

செவ்வாய்க்கிழமை 1.20க்கு முதல் ரேஸ், சுப்ரீம் நாவிஸஸ் ஹர்டில். ஸ்டார்ட் ஆகுற அந்த நொடில மொத்த கூட்டமும் ஒண்ணா கத்தும், இத செல்டன்ஹம் ரோர்னு சொல்லுவாங்க, நூறு தடவை டிவில கேட்டிருக்கேன், ஆனா நேர்ல அது காதுல கேக்கல, நெஞ்சுல கேட்டுச்சு, தம்பி என் கைய புடிச்சுக்கிட்டான். அந்த ரேஸ் 2025ல மைக்கேல் ஓ'சல்லிவன் பேர்ல நடந்துச்சு. 24 வயசு ஜாக்கி, பிப்ரவரில அயர்லாந்துல தர்ல்ஸ் ரேஸ்ல விழுந்து இறந்து போனாரு. 2023ல இதே சுப்ரீம மரீன் நாசியோனால்ங்கிற குதிரை மேல ஜெயிச்சவரு.

அன்னிக்கு மெயின் ரேஸ் சாம்பியன் ஹர்டில், ஏழே குதிரை. எல்லாரும் கான்ஸ்டிட்யூஷன் ஹில்ங்கிற குதிரை தான் ஜெயிக்கும்னு நினைச்சோம், அது பாதி வழில விழுந்துச்சு. ஸ்டாண்டே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி ஸ்டேட் மேன் ஜெயிக்கப் போகுதுனு பார்த்தா, நல்ல லீட்ல வந்துட்டு இருந்த அதுவும் கடைசி ஹர்டில்ல விழுந்துடுச்சு, எங்களுக்கு நேர் எதிர்ல, அவ்ளோ ஆயிரம் பேரும் ஒரே நேரத்துல மூச்ச இழுத்த சத்தம் இன்னும் எனக்கு மறக்கல. 25/1ல, அதாவது 1 பவுண்டு போட்டா 25 பவுண்டு லாபம்ங்கிற ஆட்ஸ்ல இருந்த கோல்டன் ஏஸ் ஜெயிச்சுது. விழுந்த ரெண்டு குதிரையும் எழுந்து நின்னுச்சுனு தெரிஞ்சதுக்கு அப்புறம் தான் பக்கத்துல இருந்தவங்க பேசவே ஆரம்பிச்சாங்க. தம்பி கோல்டன் ஏஸ் மேல 5 பவுண்டு போட்டிருந்தான், ரிங்ல நடக்கும்போது அது நடை புடிச்சிருக்குண்ணானு சொன்னான், அவ்ளோ தான் காரணம், போட்ட 5 பவுண்டும் சேர்த்து 130 பவுண்டு கைல வந்துச்சு.

பெட்டிங் பத்தி கேப்பீங்க, அதனால சொல்றேன். டிராக்லயே பெட் வாங்குற புக்கிங்க வரிசையா போர்டு வச்சு நிப்பாங்க, ஒவ்வொரு போர்டுலயும் ஆட்ஸ் கொஞ்சம் மாறும், நாலஞ்சு போர்டு நடந்து பார்த்துட்டு நல்ல ஆட்ஸ் இருக்கிற இடத்துல போடலாம். ஈச்-வேன்னா ரெண்டு பெட், ஒண்ணு ஜெயிக்கிறதுக்கு ஒண்ணு ப்ளேஸ்ல, அதாவது முதல் சில இடத்துக்குள்ள, வர்றதுக்கு, அதனால 5 பவுண்டு ஈச்-வேனு சொன்னா 10 பவுண்டு கொடுக்கணும், இது தெரியாம நிறைய பேர் கவுண்டர்ல முழிக்கிறாங்க. காலைலயே இவ்ளோ தான்னு ஒரு தொகைய தனியா எடுத்து வச்சிடுங்க, அது தீர்ந்தா அன்னிக்கு அவ்ளோ தான். பெட் இல்லாமலே இது முழுசா ரசிக்கக் கூடிய விஷயம், வெள்ளிக்கிழமை நான் ஒரு பைசா போடல. அன்னிக்கு முதல் ரேஸ் ட்ரையம்ப் ஹர்டில்ல போனிரோஸ்னு ஒரு குதிரை, அதுக்கு முன்னாடி ஹர்டில் ரேஸே ஓடாதது, 100/1ல ஜெயிச்சுது, அத யாராலயும் கணிச்சிருக்க முடியாது.

புதன்கிழமை கூட்டம் கம்மி, நிம்மதியா நடக்கலாம், வேலி ஓரம் ஈஸியா இடம் கிடைக்கும், கூட்டம் ஆகாதவங்களுக்கு நான் சொல்றது புதன் தான். அன்னிக்கு குயீன் மதர் சாம்பியன் சேஸ், மரீன் நாசியோனால் ஓடுச்சு. ஆமா, ஓ'சல்லிவனோட அதே குதிரை. ஷான் ஃப்ளானகன் ஓட்டினாரு. தனியா வந்து ஜெயிச்சுது. நாங்க ரிங்குக்கு ஓடி வந்து படில நின்னோம், குதிரை உள்ள வரும்போது பக்கத்துல ஒரு ஐரிஷ் பெரியவர் தொப்பிய கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தாரு, எனக்கும் கண்ணு நிறைஞ்சிடுச்சு. ஒரு மாசம் கூட ஆகல அந்தப் பையன் போய். அங்க கை தட்டின யாருக்கும் அன்னிக்கு பெட் ஞாபகம் இருந்திருக்காது.

தங்குற இடம் தான் பெரிய தலைவலி. அந்த வாரம் ஊருக்குள்ள ரூம் வாடகை தாறுமாறா ஏறும். நாங்க நவம்பர்லயே ஒரு இடம் புக் பண்ணிட்டோம், ரேஸுக்கு மூணு வாரம் முன்னாடி விலை தப்பா போட்டுட்டோம்னு அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்க, அதே ரூம் மறுநாள் மூணு மடங்கு விலைக்கு வந்திருந்துச்சு. ரொம்ப கோவம் வந்துச்சு, வேற வழியில்லாம க்ளஸ்டர்ல தங்கினோம். அங்கருந்து செல்டன்ஹம் ஸ்பா ஸ்டேஷனுக்கு ட்ரெயின்ல பத்து நிமிஷம் தான், அதனால ஒரு விதத்துல நல்லதா போச்சு. ஸ்டேஷன்ல இருந்து ரேஸ்கோர்ஸுக்கு பஸ் விடுறாங்க, நடந்தா ஒரு மணி நேரம் கிட்ட ஆகும். லண்டன்ல இருந்து வர்றவங்க பேடிங்டன்ல ஏறணும், ரெண்டு மணி நேரம் வச்சுக்கோங்க. சாயங்காலம் கடைசி ரேஸ் முடிஞ்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க, அதனால ஒண்ணு கடைசி ரேஸ விட்டுட்டு கிளம்புங்க இல்ல அரை மணி நேரம் அங்கயே உக்காந்துட்டு கிளம்புங்க, நடுவுல மாட்டாதீங்க.

டிரெஸ் கோடுனு கட்டாயம் எதுவும் இல்ல, ட்வீட் கோட்டு போட்டவங்க நிறைய, நாங்க சாதா ஜாக்கெட் தான். ஷூ முக்கியம், புது ஷூ வேண்டவே வேண்டாம். மார்ச் குளிர் காத்தோட சேர்ந்து அடிக்கும், உள்ள ரெண்டு லேயர் போடுங்க. 2025ல கின்னஸ் பீர் ஒரு பைன்ட் ஏழு பவுண்டுக்கு மேல, சாப்பாடும் அந்த ரேஞ்ச் தான், வெளிய சாப்பிட்டு போறது நல்லது. எந்த ரேஸ்ல எந்தக் குதிரைனு இருக்கிற ரேஸ்கார்டு கண்டிப்பா வாங்குங்க, பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க.

இன்னொண்ணு, இத மறைச்சு எழுதினா நேர்மையா இருக்காது. குதிரைங்க சாகுது. ஒரு குதிரை விழுந்து எழலைனா பச்சைத் திரை கட்டுவாங்க, அத பார்த்ததும் சுத்தி இருக்கிற பேச்செல்லாம் நின்னுடும். 2025 கோல்டு கப்ல ஓடின ஒரு குதிரை உயிரோட திரும்பல. பாதுகாப்புக்காக தடைங்க மேல இருந்த ஆரஞ்சு கலர வெள்ளையா மாத்தினாங்க, குதிரை கண்ணுக்கு நல்லா தெரியணும்னு, இன்னும் பல மாத்தம் பண்ணியிருக்காங்க, அப்படியும் நடக்குது. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. குழந்தைங்கள கூட்டிட்டுப் போறவங்க முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, மனசு தாங்காதுனு நினைக்கிறவங்க போகாம இருக்கிறதும் சரி தான்.

வெள்ளிக்கிழமை கோல்டு கப். 1924ல இருந்து ஜம்ப் ரேஸா நடக்குது, மூணேகால் மைலுக்கு மேல, 22 ஃபென்ஸ். பெஸ்ட் மேட்ல நின்னு பார்த்தோம், ஸ்டாண்டுல இருக்கிற கூட்டத்த எதிர்ல இருந்து பார்க்கிறதே தனி அனுபவம், ஒரு மலையே கத்துற மாதிரி இருக்கும். ஆனா ஒவ்வொரு ரேஸுக்கும் முன்னாடி ரிங்ல குதிரைய ஸ்க்ரீன்ல தான் பார்க்க முடிஞ்சுது, செவ்வாய் புதன் அனுபவிச்சுட்டு வந்தவங்களுக்கு அது பெரிய குறையா தெரிஞ்சுது. 2023லயும் 2024லயும் ஜெயிச்ச கலோபான் தே ஷாம் மூணாவது தடவை எடுக்கும்னு எல்லாரும் காத்துட்டு இருந்தாங்க, கடைசி ஃபென்ஸ்கிட்ட இனாத்வேயுர்திங்கின்னு ஒரு குதிரை அத தாண்டி மேட்டுல தனியா ஓடிப் போயிடுச்சு. ஃபென்ஸ் தாண்டும்போது மிலாறு முறியுற சத்தமும் ஜாக்கிங்க கத்துற சத்தமும் எங்களுக்கு கேட்டுச்சு, அது மட்டும் ஸ்டாண்டுல கிடைக்காது.

இப்போ வியாழக்கிழமை. அன்னிக்கு நாங்க க்ளீவ் ஹில் ஏறினோம், ரேஸ்கோர்ஸுக்குப் பின்னாடி தெரியுற மலை, காட்ஸ்வோல்ட்ஸ்லயே உயரமான இடம், மேல நின்னா டிராக் முழுசா ஒரு தட்டு மாதிரி கீழ தெரியும், ஜாக்கிங்க கலர் சட்டை எல்லாம் எறும்பு மாதிரி நகரும். அழகா தான் இருந்துச்சு. அன்னிக்கு ஜாக்கி ரேச்சல் பிளாக்மோர் ரெண்டு ரேஸ் ஜெயிச்சாங்க, ஒண்ணு ஏர் ஆஃப் என்டைட்டில்மென்ட் மேல, இன்னொண்ணு ஸ்டேயர்ஸ் ஹர்டில்ல பாப் ஆலிங்கர் மேல. 2021ல ஆறு ரேஸ் ஜெயிச்சு ஃபெஸ்டிவலோட டாப் ஜாக்கி ஆன முதல் பெண், 2022ல கோல்டு கப் ஜெயிச்ச முதல் பெண், நான் இந்த ரேஸெல்லாம் உக்காந்து பார்க்க ஆரம்பிச்சதே அவங்களால தான். சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு தம்பிகிட்ட சொன்னேன். மே மாசம் அவங்க ரிட்டையர் ஆயிட்டாங்க. அந்தப் படில நின்னு அவங்களுக்கு ஒரு தடவை கை தட்டியிருக்கலாம், மலை எங்கயும் போயிருக்காது.