கொள்முதலா, ரொக்கமா: தருமபுரிக் கேழ்வரகுக்கு எது பொருந்தும்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மானாவாரியாகக் கேழ்வரகு பயிரிடும் குடும்பத்துக்கு அரசின் பணம் இன்று இரண்டு வழிகளில் வந்து சேரலாம். விளைந்த தானியத்தைக் குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் கொள்முதல் நிலையத்தில் வாங்கிக்கொள்வது ஒன்று. என்ன விளைந்தது என்று கேட்காமல், மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தைப் போல ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் போடுவது மற்றொன்று. வளரும் நாடுகளின் உணவுப் பாதுகாப்பு ஆய்வுகளில் நெடுங்காலமாக நடக்கும் வாதமும் இதுவே.

2025-26 பருவத்துக்குக் கேழ்வரகின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஓர் ஏக்கரில் எட்டுக் குவிண்டால் விளைந்து, வியாபாரி கேட்கும் விலைக்கும் ஆதரவு விலைக்கும் 750 ரூபாய் வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொண்டால், முழுவதையும் நிலையத்தில் போடுபவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது சரியாக 6,000 ரூபாய். ஆனால் பென்னாகரம், அஞ்செட்டிப் பக்கத்துச் சிறு விவசாயி முழுவதையும் போடுவதில்லை. வீட்டுக் களிக்கும் அடுத்த ஆண்டு விதைக்கும் எடுத்து வைத்தது போக மிஞ்சுவதைத்தான் விற்கிறார். பாதியை நிறுத்திக்கொண்டால் ஆதாயமும் பாதியாகிறது. மழை பொய்த்த ஆண்டில் விற்க எதுவுமே இல்லாதபோது ஆதரவு விலை எவ்வளவு உயர்ந்தாலும் அவருக்கு அதனால் பயனில்லை. ரொக்கமோ அந்த ஆண்டிலும் வந்துவிடுகிறது. மானாவாரி நிலத்தில் இதைச் சிறிய நன்மை என்று ஒதுக்க முடியாது.

ரொக்கத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அது பட்டாவைப் பார்த்து வருகிறது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவருக்கு அதில் பங்கில்லை. கொள்முதல் நிலையத்திலும் சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்களைக் கேட்கிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் அங்கே மூட்டை என்று ஒன்று வந்து சேர வேண்டியிருப்பதால், விளைவித்தவரை முற்றிலும் தவிர்த்துவிட முடியாது. மெக்சிகோ 1994-இல் புரோகாம்போ திட்டத்தின் மூலம் விலை ஆதரவிலிருந்து ஹெக்டேர் கணக்கிலான ரொக்கத்துக்கு மாறியபோது, நிலம் அதிகம் உள்ளவருக்கே பணமும் அதிகம் போயிற்று. பி.எம். கிசானில் குடும்பத்துக்கு ஒரே தொகை என்பதால் அந்தக் கோணல் இல்லை. நிலமற்றவர் வெளியே நிற்கும் கோணல் மட்டும் அப்படியே இருக்கிறது.

என் கணிப்பில் தருமபுரி மாவட்டத்துக்குக் கொள்முதலே பொருத்தமானது. விலையை விட, வாங்கிய தானியம் எங்கே போகிறது என்பதே அதற்குக் காரணம். 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அது பத்து மில்லிகிராம் அளவே. களி கிண்டத் தெரிந்த ஊரில் இதைச் சாப்பிடச் சொல்லிப் பிரசாரம் செய்ய வேண்டியதில்லை. நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கும் இது போய்ச் சேருகிறது. விவசாயியின் வங்கிக் கணக்கில் போடும் ரொக்கத்தால் அது ஆகாது.

இந்த ஏற்பாடு சறுக்குவது மிகச் சாதாரணமான ஓர் இடத்தில். கார்த்திகை வாக்கில் பாலக்கோட்டுப் பக்கம் போனால், அறுத்த கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி இறங்கித் தானியம் உதிரட்டும் என்று விட்டிருப்பார்கள். (இரு சக்கர வண்டியில் போகிறவர் பாடு தனிக் கதை.) கூட்டி அள்ளும்போது பொடிக்கல்லும் சேர்ந்து வருகிறது. இடையில் தூறல் விழுந்தால் ஈரப்பதம் 12 சதவீதத்தைத் தாண்டி, நிலையத்தில் மூட்டை திருப்பப்படுகிறது. திரும்பி வந்த மூட்டையை வியாபாரி தன் விலைக்கு எடுத்துக்கொள்கிறார். தப்பித்து உள்ளே போன கல்லோ ரேஷன் பை வழியாக வீட்டுக்கு வருகிறது. எங்கள் வீட்டில் சென்ற முறை இரண்டு கிலோவைப் புடைத்து, அரித்து, காய வைத்து மாவு மில்லுக்கு அனுப்புவதற்குள் ஒரு பகல் போய்விட்டது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தப் பகல் ஏது? அவர் அரிசியையே கேட்டு வாங்கினால் அதைச் சுவை மாற்றம் என்று எழுதிவிடுவது தவறு.

ஆகவே ஆதரவு விலையில் இன்னொரு நூறு ரூபாய் ஏற்றுவதா, ரொக்கத்தில் இன்னொரு தவணை சேர்ப்பதா என்று கேட்டால், அதற்கு முன் அந்தத் தொகையில் மானாவாரி ஊர்களுக்கு ஒரு சிமென்ட் உலர்களமும், அதை ஒட்டி ஒரு கதிரடிக்கும் இயந்திரமும், அறுப்புக்கு முன்பே திறக்கும் நிலையமும் வேண்டும் என்பேன்.