அப்டேட்டுக்குப் பின் நெட் தவழ்கிறதா: அப்டேட்டைக் கழற்றுவதா, ரீசெட்டா, டிரைவரை மாற்றுவதா?

இயங்குதள அப்டேட் முடிந்து மடிக்கணினி மறுபடி எழுந்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. உலாவியைத் திறந்ததும்தான் பிடிபட்டது. முகவரியைத் தட்டினால் ஓரிரு விநாடி வெள்ளைத் திரை, பிறகு பக்கம் முழுவதும் மளமளவென்று வந்து விழும். அடுத்த சுட்டியைச் சொடுக்கினால் மறுபடி அதே காத்திருப்பு. வேகச் சோதனை நடத்தினால் எண்கள் பழையபடியே இருக்கின்றன. அதே வைஃபையில் கைபேசி சிட்டாகப் பறக்கிறது.

இந்த நிலையில் மூன்று வழிகள் உண்டு. அப்டேட்டையே கழற்றிவிடலாம். நெட்வொர்க் அமைப்புகளை மொத்தமாக ரீசெட் செய்யலாம். வைஃபை டிரைவரை (வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளை) மட்டும் பழைய பதிப்புக்குக் கொண்டுபோகலாம். இதே வரிசையில் மூன்றையும் செய்து பார்த்து, மூன்றாவதில் நிலைத்துவிட்டேன். விண்டோஸில் இருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரூட்டரை அணைத்துப் போடுவது, கணினியை இன்னொருமுறை ரீஸ்டார்ட் செய்வது, பின்னணிப் பதிவிறக்கங்கள் ஓயும்வரை ஒருநாள் பொறுப்பது எல்லாம் தெரிந்த சங்கதிதான். அவை பலிக்காவிட்டால் எதையும் கழற்றும் முன் மூன்று பிங் (ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) போட்டுப் பாருங்கள். முதலில் ரூட்டருக்கு; பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அடுத்து வெளியே 1.1.1.1 போன்ற எண் முகவரிக்கு. கடைசியாகப் பெயர் கொண்ட ஏதாவது ஒரு தளத்துக்கு. ரூட்டரும் எண் முகவரியும் சட்டென்று பதில் தந்து, பெயர் கொடுத்தால் மட்டும் முதல் வரி வரவே தாமதமானால் சிக்கல் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவையில். மேலே சொன்ன மூன்று வழிகளும் உங்களுக்குத் தேவையில்லை. டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இணையம் நன்றாக இருந்து, உள் நெட்வொர்க்கில் கோப்பு நகலெடுப்பது மட்டும் மந்தமானால் அது வேறு கதை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து புரோ, எண்டர்பிரைஸ் வகைகளில் எஸ்எம்பி (விண்டோஸ் கணினிகள் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் முறை) கையொப்பம் இயல்பாகவே கட்டாயம். ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் கையொப்பம் இட்டுச் சரிபார்ப்பதால், வலு குறைந்த சேமிப்புப் பெட்டிகளில் வேகம் குறையலாம். அதற்காக டிரைவரைத் தொட வேண்டியதில்லை.

என் மடிக்கணினியில் ரூட்டருக்கான பிங்கே தள்ளாடியது. அப்டேட்டுக்கு முன் 2, 3 மில்லிவிநாடி. பின் ஒருமுறை 4, அடுத்தது 97, அதற்கடுத்தது 180. பக்கத்து மேசையில் இருக்கும் ரூட்டருக்கே இந்தக் கதி என்றால் வெளியே எதையும் குறை சொல்ல முடியாது.

இந்தத் தள்ளாட்டத்துக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வைஃபை அட்டை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் ரேடியோவை அவ்வப்போது உறங்கவைக்கும். அது உறங்கும்போது வரும் பொட்டலங்களை ரூட்டர் பிடித்து வைத்துக்கொண்டு, "உனக்குச் சரக்கு இருக்கிறது" என்று பீக்கன் என்ற சீரான அறிவிப்புச் சிக்னல் வழியே அறிவிக்கும். பீக்கன் பொதுவாக 102.4 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும். ஆகவே உறக்கத்தில் இருக்கும் அட்டைக்கு ஒரு பதில் போய்ச் சேர நூறு, இருநூறு மில்லிவிநாடி வீணாகும். வேகச் சோதனையில் தரவு இடைவிடாமல் பாய்வதால் ரேடியோவுக்குக் கண்ணயர நேரமே இல்லை, எண்களும் நன்றாக வரும். ஒரு பக்கத்தைத் திறப்பது அப்படியல்ல. அதற்குச் சின்னச் சின்னக் கேள்வி பதில்கள் பல வேண்டும், ஒவ்வொன்றிலும் தாமதம் சேரும். வேகம் இருந்தும் நெட் மந்தமாகத் தோன்றுவதன் ரகசியம் இதுதான். கண்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் வைஃபை மின்சேமிப்பை அணைக்கும் வசதி இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். பலருக்கு அதோடு தீர்ந்துவிடும். என் அட்டைக்கு வந்த புதிய டிரைவர் அதைச் சட்டை செய்யவில்லை.

இனி அந்த மூன்று வழிகள்.

அப்டேட்டைக் கழற்றுவது உடனடிப் பலன் தரும், மறுக்கவில்லை. பழைய இயங்குதளத்தோடு பழைய டிரைவரும் திரும்பிவிட்டது, பிங் 3-க்கு இறங்கியது. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் விண்டோஸ் 10 நாள் அவகாசம் தருகிறது. அதன்பின் பழைய கோப்புகளை அழித்துவிடும், திரும்பும் கதவு மூடிக்கொள்ளும். ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. அப்டேட்டை நிறுத்திவைக்கும் கெடு முடிந்ததும் அது தானாகவே திரும்பி வந்தது, கோளாறும் கூடவே வந்தது. நிறுத்திவைத்துக்கொண்டே போகலாமே என்றால், மாதாந்திர அப்டேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து வருபவை. இந்த மாதத்தைத் தவிர்த்தால் இந்த மாதத்துப் பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தனையும் போகும். 2017 மார்ச்சில் எஸ்எம்பி ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியானது. அதைப் போடாத கணினிகளைத்தான் மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை சூறையாடியது. இடையில் இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை. வைஃபை வேகத்துக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க எனக்கு மனமில்லை.

நெட்வொர்க் ரீசெட் ஒரே சொடுக்கில் முடியும் வேலை. பழைய விபிஎன் மென்பொருள் விட்டுப்போன வடிகட்டிகள், குழம்பிப்போன ஐபி அமைப்புகள் போன்றவற்றுக்கு அது நல்ல மருந்து. ஆனால் அது அடாப்டர்களை நீக்கிவிட்டு, கணினியில் ஏற்கெனவே இருக்கும் டிரைவரைக் கொண்டே மறுபடி நிறுவுகிறது. சிக்கல் டிரைவரில் இருந்தால் ஒன்றும் மாறாது. எனக்கும் மாறவில்லை. சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்களும் கையால் போட்டிருந்த ஐபி முகவரியும் போனதுதான் மிச்சம்.

மூன்றாவது வழியில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை அடாப்டரின் டிரைவர் தாவலுக்குப் போக வேண்டும். முதலில் அங்குள்ள பதிப்பு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் மிகவும் உதவும். ரோல் பேக் பொத்தான் உயிரோடு இருந்தால் வேலை ஒரு நிமிடம்தான். அது மங்கிக் கிடந்தால், அப்டேட் டிரைவர் வழியாகப் போய் கணினியிலேயே இருக்கும் டிரைவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். பழைய பதிப்பு பெரும்பாலும் அங்கே இருக்கும். அதிலும் இல்லையென்றால் கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டியதுதான். இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்த பிறகே இருப்பதை நீக்குங்கள். வைஃபை டிரைவரை நீக்கிவிட்டு வைஃபை டிரைவரைத் தேட முடியாது.

மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் பிங் 2-க்கும் 4-க்கும் இடையில் நின்றது. இதுவரை முதல் வழிக்கும் இதற்கும் பலனில் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அடுத்த மாதம்தான் தெரிந்தது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய் அப்டேட் வந்தது, பாதுகாப்புத் திருத்தங்கள் எல்லாம் ஏறின, டிரைவர் அப்படியே இருந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. எந்தத் தீர்வும் அடுத்த அப்டேட்டைத் தாண்டி நிற்கிறதா என்பதுதான் என் ஒரே அளவுகோல். மூன்றில் அதைத் தாண்டியது இது ஒன்றுதான்.

ஆனால் அது தானாக நிற்காது, நிற்கவைக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் வழியாகவே டிரைவர்களும் வருவதால், ஒருநாள் அதே புதிய பதிப்பு மறுபடி ஏறிவிடலாம். புரோ வகையில் குரூப் பாலிசி என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் அப்டேட்டுகளோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்று சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அதை இயக்கினேன். ஹோம் வகையில் குரூப் பாலிசி எடிட்டர் கிடையாது. அங்கே டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஹோமில் நான் ஒரே ஒரு கணினியில்தான் இதைச் செய்திருக்கிறேன், அதனால் எல்லாருக்கும் நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இதற்கும் ஒரு விலை உண்டு. அந்த பாலிசி வைஃபையை மட்டும் தடுப்பதில்லை, கிராபிக்ஸ், ஒலி என்று எல்லா டிரைவர்களையும் தடுக்கிறது. அவற்றை இனி நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, டிரைவரும் பாதுகாப்பு விஷயம்தான். 2017 அக்டோபரில் வெளியான கிராக், 2021 மே மாதம் வெளியான ஃபிராக் அட்டாக்ஸ் இரண்டுமே வைஃபையின் அடிமடியில் கைவைத்த ஓட்டைகள். அவற்றுக்கான திருத்தங்களில் சில டிரைவர் வழியாகவே வந்தன. ஆகவே பழைய டிரைவரைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தயாரிப்பாளரின் தளத்தைப் பார்த்து, புதிய பதிப்பு வந்திருந்தால் போட்டு, பிங் எடுத்து, சரியில்லை என்றால் திரும்பிவிடுகிறேன். கால்மணி நேர வேலை. மாதாமாதம் அப்டேட்டோடு மல்லுக்கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

லினக்ஸில் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலோடு வருபவை. உபுண்டு போன்றவற்றில் கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலிலிருந்து முந்தைய கெர்னலில் துவக்கிப் பார்த்தால், எதையும் கழற்றாமலே குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். நெட்வொர்க் மேனேஜர் அமைப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்கினால் மின்சேமிப்பு அணையும். மேக்கில் எனக்குப் பழக்கம் குறைவு. டிரைவர் இயங்குதளத்தோடு ஒட்டியே வருவதால் மூன்றாவது வழிக்கு அங்கே இடமில்லை.

கேபிள் இணைப்பிலும் என் அனுபவம் மெலிந்ததுதான். ஒருமுறை பார்த்தது இது: அப்டேட்டுக்குப் பின் இணைப்பு வேகம் 1000-க்குப் பதில் 100 மெகாபிட் என்று காட்டியது. டிரைவர்தான் என்று முடிவுகட்டி அரைநாள் தேடினோம். கடைசியில் கேபிள் முனையில் ஒரு கம்பி விட்டுப்போயிருந்தது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். ரீஸ்டார்டுக்காகக் கணினியை நகர்த்தியபோது இழுபட்டிருக்கிறது. கேபிள்காரர்கள் டிவைஸ் மேனேஜரைத் திறக்கும் முன் வேறொரு கேபிளை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.