12 அங்குல குளோப்: நூல் பிடித்துப் பார்த்ததில்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு புத்தகக் கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கியது. பிளாஸ்டிக் உருண்டை, மேலே காகிதம் ஒட்டி வார்னிஷ் பூசியது. ஷோகேஸில் வைக்கத்தான் வேண்டுமென்றால் இதைவிடப் பளபளப்பானவை அங்கேயே இருக்கின்றன. அளந்து பார்க்கிறவர்களுக்கு இது போதும்.

ஏற்காட்டில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது குளோப் தேவைப்பட்டது தங்கை மகளால். நார்வேயில் ட்ரோம்சோவில் படிக்கிற அவள், ஒரு கோர்ஸுக்காக ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்இயர்பியனுக்கு விமானத்தில் போகப்போகிறாள். 78 டிகிரி வடக்கு. தங்கை சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, டெல்லியை விடத் தூரமா இருக்கே!" என்று போனில் அலறினாள். அது மெர்கேட்டர் படம். துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துக் காட்டும். அதில் ட்ரோம்சோ–லாங்இயர்பியன் இடைவெளி, சேலம்–டெல்லியைப் போல ஒன்றே முக்கால் மடங்கு தெரியும். நிஜத்தில் சேலம்–டெல்லியில் பாதிதான்.

குளோப்பில் அந்தத் தொல்லை இல்லை. 12 அங்குல உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 420 கிலோமீட்டர். தையல் நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தால், அது தானாகவே மிகக் குறுகிய வழியில் படிந்துவிடும். விமானமும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போகும். நூலை ஸ்கேலில் வைத்தேன்: 2.3 செ.மீ. அதாவது சுமார் 960 கிலோமீட்டர்.

ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 என்று வைத்தால் ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலேயே போட்டிருக்கிறது. ஓடுபாதைக்கு உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. நம்ம சேலம் ஏர்போர்ட் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு 265 கிலோமீட்டர்தான், அதற்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அது புரொப்பெல்லர் விமானம் வேறு. தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு என்பதால் நேரமும் நாலு மடங்காகாது. இதைச் சொன்ன பிறகுதான் தங்கைக்கு மூச்சு வந்தது.

குறை என்றால் உச்சியில் இருக்கும் நேர வட்டு. 24 மணி நேரம் அச்சடித்த அந்த பிளாஸ்டிக் தட்டு ஏழு சென்டிமீட்டர் அகலம். வட துருவத்தோடு சேர்த்து ஸ்வால்பார்டையும் மூடிவிடுகிறது! வடக்கே அளக்க வேண்டுமானால் மரையைக் கழற்றித் தட்டை எடுக்க வேண்டும். அடியில் பார்த்தால் காகிதக் கீற்றுகள் கூடும் இடத்தில் சுருக்கம். யாரும் பார்க்கப்போவதில்லை என்று ஒட்டியிருக்கிறார்கள். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 42 கிலோமீட்டர் போய்விடும். லாங்இயர்பியன் பெயரும் இல்லை, நானே பேனாவால் புள்ளி வைத்தேன்.

கடைக்காரர் பெட்டியைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொடுத்தார். ஏற்காடு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் ஆடியும் ஒரு சொட்டை இல்லை. எட்டு அங்குலத்தில் மலிவாக ஒன்று காட்டினார், வேண்டாம். நூல் பிடிக்க அது ரொம்பச் சின்னது. வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் அந்த வட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பார், ஆனால் ஸ்க்ரூடிரைவர் கல்லாப்பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.