பீர் டேப்பில் 420 டாலர் போச்சு, வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

மெல்போர்னில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிற நம்மாட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் சூட்டோடு சூடாக எழுதுகிறேன்.

பழைய ஃபிரிட்ஜைக் கெக் ஃபிரிட்ஜாக, அதாவது பீர் உருளையை உள்ளே வைத்து வெளியே குழாயில் பிடிக்கிற மாதிரி மாற்ற, மூன்று டேப்பும் (பீர் பிடிக்கிற குழாய்) ஷாங்க்கும் (டேப்பை ஃபிரிட்ஜில் துளை போட்டு மாட்டுகிற குழாய்த் துண்டு) வாங்கினேன். ஹோம்ப்ரூ சாமான் மட்டுமே விற்கிற ஒரு ஆன்லைன் கடை. 420 டாலர். முழுக்க 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (காந்தம் ஒட்டாத ரகம்), வால்வு முன்பக்கம் அடைக்கும் என்று போட்டிருந்தார்கள். போன் போட்டும் கேட்டேன். எடுத்தவர் எவ்வளவு பொறுமையாகப் பேசினார் தெரியுமா, எவ்வளவு அழுத்தம் வைக்க வேண்டும், டியூப் எவ்வளவு நீளம் விட்டால் நுரை பொங்காது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "சந்தேகமா இருந்தா காந்தம் வெச்சுப் பாருங்க, ஒட்டாது" என்றார். வந்ததும் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, நம்பிவிட்டேன்.

பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது! இதையே தொழிலாகச் செய்கிற ஆளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

கொஞ்ச நாளிலேயே முதல் கிளாஸில் செப்புக்காசை நக்கினது போல ஒரு ருசி. காலையில் கைப்பிடி ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. கழற்றி டார்ச் அடித்தால், மூக்குக்கு உள்ளே குரோம் முலாம் உரிந்து மஞ்சளாகப் பித்தளை தெரிகிறது. வால்வும் பின்பக்கம் அடைக்கிற பழைய வகைதான், அதனால் மூடின பிறகும் பீர் உள்ளேயே தங்கிக் காய்ந்து பிசினாகிக் கிடக்கிறது. பீர் புளிப்புள்ள பானம், முலாம் போன இடத்தில் உலோக ருசி இறங்காமல் என்ன செய்யும்? பித்தளையில் ஈயமும் கலந்திருக்கலாம் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கேட்டால் முதலில் "லைனைக் கழுவுங்க" (பீர் வருகிற டியூபைத்தான் லைன் என்பார்கள்) என்றார்கள். அப்புறம் போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அப்புறம் மேனேஜர் கூப்பிடுவார் என்றார்கள், இன்னும் கூப்பிடுகிறார். கடைசியில் "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று ஒரே வரியில் மெயில். 420 டாலருக்கு ஒரு வரி! இதற்கிடையில் அவர்கள் பக்கத்தில் "304 ஸ்டீல்" என்பது சத்தமில்லாமல் "ஸ்டீல் ஃபினிஷ்" என்று மாறிவிட்டது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், மாட்டுவதற்கு முன்பே உள்பக்கம் மரையை ஊசியால் கீறிப் பாருங்கள். விவரம் போட்டிருக்கும் பக்கத்தை வாங்குகிற அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். சொன்ன பொருள் வராவிட்டால் ஆஸ்திரேலியச் சட்டப்படி நமக்கு உரிமை உண்டு, கடை விதி அது இது என்றால் விடாதீர்கள். நானும் மாநில அரசின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் விக்டோரியாவில் புகார் கொடுத்துவிட்டேன். ஷாங்க்கையும் கீறிப் பாருங்கள், எனக்கு வந்ததில் அதுவும் பித்தளைதான்.