லிசெஸ்: 15+10 ஆடுபவர்களுக்கு இதைவிட நல்ல தளம் கிடையாது

மாலையில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித் தருகிறேன். அவர்கள் வீட்டில் ஆடிப் பழக நான் சொல்வது லிசெஸ்தான். காசு இல்லை, விளம்பரத் தொல்லை இல்லை, ஆட்டம் முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் புரோகிராமை வைத்து அலசிப் பார்க்கலாம். ஆனால் எந்த டைம் கன்ட்ரோலில், அதாவது ஆளுக்கு எவ்வளவு நேரம் வைத்து ஆடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

முகப்பில் 1+0 தொடங்கி 30+20 வரை கட்டங்கள் இருக்கும். முதல் எண் ஆளுக்குக் கிடைக்கும் நிமிடம், இரண்டாவது ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடும் நொடி. பிள்ளைகளின் விரல் ஓரிரு நிமிட ஆட்டமான புல்லட்டுக்கோ 3+0-க்கோதான் போகும். என்னிடம் படிக்கும் பையன் ஒருவனுக்கு லுசீனா நிலை (எதிராளியின் யானைக்கு எதிராக, யானையும் சிப்பாயும் வைத்து ஜெயிக்கும் கடைசிக் கட்ட ஆட்டம்) மனப்பாடம். யானையை நாலாவது வரிசைக்கு ஏற்றி, எதிராளி கொடுக்கும் செக்கை மறைப்பதுவரை கடகடவென்று சொல்வான். 3+0-இல் அதே நிலை வந்தபோது கையில் 6 நொடிதான். ராஜாவை முன்னும் பின்னும் நகர்த்தியே டைம் போய்த் தோற்றான். 15+10-இல் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 நொடி கூடுவதால், படித்ததைப் பலகையில் செய்துகாட்ட முடிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது, அலசல் பக்கத்தில் வரும் நேர வரைபடம். எந்த நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம் யோசித்தோம் என்று பட்டை பட்டையாகக் காட்டும். திருப்பி வெட்டுவதைத் தவிர வழியே இல்லாத இடத்தில் 40 நொடி, ராணி பறிபோன இடத்தில் 2 நொடி! இதைக் காட்டினாலே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது.

கம்ப்யூட்டரோடு ஆட எட்டு நிலைகள். கீழ்நிலைகளில் அதை வேண்டுமென்றே தப்பு செய்ய வைத்திருக்கிறார்கள், மேலே போனால் அந்தச் சலுகை இல்லை. அங்கே 3, 5 நிமிட ஆட்டமான பிளிட்ஸ் ஆடவே வேண்டாம். அவசரத்தில் நமக்குக் கண்ணெதிரே இருக்கும் குதிரையே தெரியாது. இயந்திரத்துக்குப் பதற்றம் கிடையாது, தேடும் ஆழம்தான் கொஞ்சம் குறையும். 1998-இல் நம் விஸ்வநாதன் ஆனந்த் ரெபெல் 10 என்ற புரோகிராமோடு மோதினார். 5 நிமிட பிளிட்ஸில் ரெபெல் 3–1, 15 நிமிட ஆட்டங்களில் அதுவே 1.5–0.5. முழு நேர ஆட்டங்கள் இரண்டில் மட்டும் ஆனந்த் 1.5–0.5 என்று ஜெயித்தார். இன்றைய ஸ்டாக்ஃபிஷிடம் முழு நேரம் கொடுத்தாலும் யாரும் தப்ப முடியாது, அது வேறு கதை.

புதிதாகப் பழகுபவர்கள் 15+10 எடுங்கள், ஆடிய ஒவ்வொன்றையும் அலசுங்கள். தொடக்க நகர்த்தல்கள் கைக்குப் பழக 3+2 பரவாயில்லை. பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு புல்லட்டைப் பெற்றோர் அனுமதிக்காதீர்கள்.