கணபதி பேக்கரி பெஞ்சும் ஓர் அலுமினியக் கட்டியும்

கோவை கணபதியில் எங்கள் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பேக்கரி இருக்கிறது. பதினோரு வருஷமாக எனக்கு சாயங்கால டீ அங்கேதான். டீ 15 ரூபாய். பாலில் கை வைக்க மாட்டார்கள், தூளை ஈட்டுக்கு ஈடு மாற்றுவார்கள். தேங்காய் பன் நாலரைக்குச் சூடாக வரும். உள்ளே டூட்டி ஃப்ரூட்டி கம்மி, தேங்காய் நிறைய. வெஜ் பப்ஸ் சுமார்தான், அதுவும் ஆறிப்போனால் வேண்டாம்.

ஆனால் இதை நான் எழுத உட்கார்ந்தது வாசலில் வேப்பமரத்தடியில் கிடக்கும் பெஞ்சுக்காக. ஒரு டீயோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

போன மாசம் அந்த பெஞ்சில்தான் பென்டகன் பேச்சு வந்தது. பென்டகன் என்றால் அமெரிக்க ராணுவத் தலைமையகம், 2001-ல் கடத்தல்காரர்கள் ஒரு பயணிகள் விமானத்தைக் கொண்டுபோய் மோதிய கட்டடம். சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கும் தம்பி ஒருவன் செல்போனில் ஒரு போட்டோவைக் காட்டினான். அந்தக் கட்டடத்தின் சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை. "ஏனுங்ணா, இந்த ஓட்டைக்குள்ள போயிங் 757 எப்படீங்ணா போகும்? இறக்கை எங்க போச்சு? அது ஏவுகணைதானுங்க."

2001 செப்டம்பர் 11-ல் அந்த விமானத்தில் இருந்த 64 பேரில் கடத்தல்காரர்கள் ஐந்து பேர். கட்டடத்துக்குள் 125 பேர் இறந்தார்கள். விமானமே வரவில்லை என்றால் அதில் ஏறிய குடும்பங்களுக்கு என்ன பதில்? எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கத்தினால் தம்பி எழுந்து போய்விடுவான். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் போட்டோ. அது முகப்புச் சுவர் இல்லை. பென்டகன் ஐந்து அடுக்கு வளையமாகக் கட்டியது. விமானத்தின் சிதைவு மூன்று வளையங்களைத் துளைத்து, மூன்றாவதன் பின்சுவரில் வெளியே வந்த இடம் அது. முகப்பில் தரைத்தளத்தில் உடைந்த பகுதி அதைவிடப் பல மடங்கு அகலம்.

அப்புறம் இறக்கை. நான் அலுமினிய வார்ப்புக்காரன். மறுநாள் பட்டறையிலிருந்து ஒரு கட்டியைக் கொண்டுபோய் பெஞ்சில் வைத்தேன். பல வருஷத்துக்கு முன் பக்கத்து குடோன் எரிந்தபோது அங்கே ஓர் அலுமினிய ஏணியும் இரும்பு பீரோவும் இருந்தன. தீ அணைந்ததும் பீரோ கறுத்து நின்றது, ஏணியைக் காணோம். தரை வெடிப்பில் வெள்ளியாக ஓடி உறைந்திருந்ததைப் பெயர்த்து எடுத்து வைத்திருந்தேன். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் தரையின் சொரசொரப்பு அச்சாக. தம்பி அதைத் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தான். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், இரும்புக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். பென்டகனில் லேண்டிங் கியரும் (சக்கரத் தொகுதி) இன்ஜின் பாகங்களும் கிடைத்தன, மெல்லிய தகடு முக்கால்வாசி காணாமல் போனது. மணிக்கு 850 கிலோமீட்டரில் மோதித் தூள் தூளாகி, அதற்குமேல் விமான எரிபொருள் தீயும் பிடித்தால் வேறு எப்படி இருக்கும்? 1988-ல் அமெரிக்காவில் ஒரு பான்டம் போர் விமானத்தைக் கான்கிரீட் சுவரில் வேண்டுமென்றே மோதவிட்டுப் பார்த்தார்கள், பெரும்பாலும் பொடிதான் மிஞ்சியது.

"சரிங்ணா, அப்ப கேமராவுல ஏன் விமானம் தெரியல?"

இதற்குக் கடைக்காரரே பில் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பென்டகன் கேட்டில் இருந்த அந்த கேமரா நொடிக்கு ஏறக்குறைய ஒரு படம்தான் எடுத்தது. 850-ஐ 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 236 மீட்டர். இரண்டு படத்துக்கு நடுவில் விமானம் கடந்தே போய்விடும். தம்பி அந்த அட்டையைக் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

எங்கள் ஊருக்கும் இந்த வலி உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் சூலூரிலிருந்துதான் கிளம்பியது. குன்னூர் காட்டேரி அருகே விழுந்து, இருந்த 14 பேரும் போய்விட்டார்கள். அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில் சதி, வெடிகுண்டு என்று ஆரம்பித்துவிட்டார்கள். கறுப்புப் பெட்டி மறுநாளே கிடைத்தது. பள்ளத்தாக்கில் திடீரென மேகம் சூழ்ந்து விமானி திசை குழம்பியதால் நடந்த விபத்து, சதி இல்லை என்று முப்படை விசாரணை சொன்னது. இந்தப் பேச்சு வந்தால் பெஞ்சில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

போகிறவர்கள் ஆறு மணிக்குள் போய்விடுங்கள், அதற்குமேல் பெஞ்சில் இடம் இருக்காது. வண்டி நிறுத்த வசதி இல்லை. அலுமினியக் கட்டி இப்போது கல்லாப் பக்கம் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறது, கேட்டால் எடுத்துக் கையில் கொடுப்பார்கள்.