முதல் வாட்டர் கூலிங் பிசிக்கு எந்தக் குழாய்? பிஇடிஜி, அக்ரிலிக், செம்பு, கண்ணாடி

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளத்துக்குக் குழாய்த் துண்டு ஒன்று கிடக்கிறது. 14 மி.மீ. பிஇடிஜி, ஒரு வகைப் பிளாஸ்டிக். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஒரு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் மட்டும், விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே, பல வருடம் போட்ட மோதிரத்தைக் கழற்றிய விரலில் இருப்பதுபோல ஒரு பள்ளம் சுற்றி ஓடும். குழாயைப் பிடித்துக்கொள்ளும் இணைப்பான ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் அழுத்திய தடம் அது.

நடந்தது இதுதான். சென்னையில் ஒரு மே மாதச் சாயங்காலம், தூசி தட்டிவிட்டு பிசியைத் திரும்ப மூடினேன். பம்புக்குப் போகும் பவர் கனெக்டர் முழுசாக உட்காரவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. தண்ணீர் ஓடாமலே இருபது நிமிடம் கேம் ஓடியது. சிபியுவும் கிராஃபிக்ஸ் கார்டும் சூடு ஏறியதும் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பித்தன. கார்டின் பிளாக்கிலிருந்து (கார்டின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதி) மேலே போன குழாய் மட்டும் இளகிவிட்டது. மறுநாள் காலை பார்த்தால், அந்த ஃபிட்டிங்குக்குக் கீழே, கார்டின் பின்தகட்டின் மேல், பயறு அளவில் மூன்று சொட்டு. துடைத்து, கழற்றி, காயவைத்து, கார்டு பிழைத்தது. ஆனால் குழாயைப் பற்றி நான் அதுவரை நினைத்திருந்தது மாறிவிட்டது.

முதல்முறை ஹார்டு டியூப் லூப், அதாவது கெட்டியான குழாய்களால் தண்ணீர் சுற்றிவரும் பாதை, கட்டப்போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எதை வளைப்பது சுலபம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் வளைப்பது ஒரு வாரக்கடைசி வேலை. லூப் அதற்கப்புறம் இரண்டு மூன்று வருடம் ஓடும். அதற்குள் ஏதாவது ஒரு நாள் பம்ப் நிற்கும், ஏதாவது ஒரு நாள் எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வரும். அந்த இரண்டு நாட்களையும் மனதில் வைத்துத்தான் கீழே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

பிஇடிஜியா, அக்ரிலிக்கா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். அளவுகளும் ஒன்றே: வெளிவிட்டம் 12, 14, 16 மி.மீ. என்று கிடைக்கும். பார்வைக்கும் கிட்டத்தட்ட ஒன்று. புதிதாக இருக்கும்போது அக்ரிலிக் ஒரு படி கூடுதல் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான்.

வேறுபாடு சூட்டில் இருக்கிறது. பிஇடிஜி ஏறக்குறைய 80 டிகிரியில் கெட்டித்தன்மையை இழந்து இளகும். ஃபிட்டிங்கின் அழுத்தத்தில் இருக்கும் இடம் அதற்கு முன்பே விட்டுக்கொடுக்க ஆரம்பித்துவிடும். அதனால்தான் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று சொல்வது வழக்கம். அக்ரிலிக் இளகுவதற்குச் சுமார் 105 டிகிரி வேண்டும்.

சரியாக ஓடும் லூப்பில் இரண்டுக்கும் கவலை இல்லை. தண்ணீரின் சூட்டைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டர் போதுமான அளவு இருந்தால், தண்ணீர் அறை வெப்பத்தைவிட ஒரு 10 டிகிரி அதிகமாக இருக்கும். 20 டிகிரி அறையில் உட்கார்ந்து கட்டுகிறவருக்குத் தண்ணீர் 30 டிகிரி. எல்லைக்கு இன்னும் 30 டிகிரி இடைவெளி இருக்கிறது. ஏசி போடாத 35 டிகிரி அறையில் அதே லூப்பில் தண்ணீர் 45. இடைவெளி பாதியாகிவிட்டது. யூடியூபில் "முதல் லூப்புக்கு பிஇடிஜிதான்" என்று சொல்கிறவர்களில் பலர் குளிர்ந்த ஊரில் இருந்து பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. நம் ஊர்க் கோடையில் கட்டுகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலை செய்யும்போது நிலைமை தலைகீழ். பிஇடிஜி மன்னிக்கும். ஹேக்சா பிளேடால் எப்படி அறுத்தாலும் பிளக்காது, கீழே விழுந்தால் உடையாது, ஹீட் கன்னைக் காட்டிய கொஞ்ச நேரத்தில் வளையும். ஆனால் அந்த வேகமே தொந்தரவும்கூட. ஒரு நொடி அதிகமானால் நூடுல்ஸ் மாதிரி தொங்கிவிடும். குழாய் நசுங்காமலிருக்க உள்ளே விடும் சிலிகான் கயிறு இருந்தும் வளைவின் உட்பக்கம் சுருக்கம் விழும்.

அக்ரிலிக்குக்குப் பொறுமை வேண்டும். குழாயை விரல்களால் உருட்டிக்கொண்டே, வளைவுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஆறேழு செ.மீ. நீளத்துக்குச் சூடு காட்ட வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. அவசரப்பட்டு ஹீட் கன்னை நெருக்கமாகப் பிடித்தால் உள்ளே பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பும்; அந்தத் துண்டு வீண். பொறுத்தால், ஒரு கட்டத்தில் கையில் ரப்பர் மாதிரி ஒரு தளர்வு தெரியும். அப்போது வளைத்தால் வளைவு ஒரே சீராக வரும். அதற்கு முன்பே முயன்றால் படக்கென்று உடையும். வளைவு தப்பாகிவிட்டால் இன்னொரு வசதி: மறுபடி சூடாக்கினால் அக்ரிலிக் தன் பழைய நேர் நிலைக்கே திரும்பப் பார்க்கும்.

குமிழ் பற்றி ஒரு விஷயம். இரண்டு பிளாஸ்டிக்குமே காற்றின் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரம்தான் சூட்டில் குமிழாகிறது. கடலோர ஊர்களில், அதுவும் மழைக்காலத்தில், உறையைப் பிரித்து வாரக்கணக்கில் போட்டுவைத்த குழாயைவிட அன்று பிரித்த குழாய் நன்றாக வளையும்.

அறுப்பதில் அக்ரிலிக் கொஞ்சம் சண்டி. பொடிப் பல் பிளேடு வேண்டும், அழுத்தவே கூடாது. பிளேடின் எடையே போதும். கடைசி ஒரு மில்லிமீட்டரில்தான் மூலை தெறிக்கும். குழாயைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, உருட்டி உருட்டி அறுத்தால் தப்பிக்கலாம். இரண்டிலும் அறுத்த பிறகு உள், வெளி விளிம்புகளின் பிசிறைச் சீவி, உப்புத்தாளில் தேய்த்து, விளிம்பைச் சரிவாக்க வேண்டும். இதில் மட்டும் சோம்பல் கூடாது. கூர்மையான விளிம்பு உள்ளே போகும்போது ஓ-ரிங்கைக் கீறும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு வாரம் கழித்து ஈரம் தெரியும். செருகுவதற்கு முன் விரல் நுனியால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். நகத்தில் எதுவும் மாட்டக்கூடாது.

அக்ரிலிக்கின் இன்னொரு பலவீனம் ஆல்கஹால். தெர்மல் பேஸ்ட் துடைக்கும் ஐசோப்ரொப்பைல் பட்டால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஆனால் குழாய் பிஇடிஜி என்பதால் இந்தப் பயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். வாட்டர் பிளாக்கின் மேல்மூடியும் தண்ணீர்த் தொட்டியான ரிசர்வாயரும் பெரும்பாலும் அக்ரிலிக்தான்.

என் தீர்ப்பு: ஏசி அறையில் ஓடப்போகும் பிசிக்கு பிஇடிஜி போதும். இல்லையென்றால் அக்ரிலிக். இரண்டு மீட்டர் தேவைப்பட்டால் நான்கு மீட்டர் வாங்குங்கள். அதிகப்படி இரண்டு மீட்டர் கைப்பழக்கத்துக்கான செலவு.

செம்பும் கண்ணாடியும்

செம்பைப் பார்த்து ஆசைப்படாதவர் குறைவு. சூட்டுப் பயம் இல்லை, உடையாது, கருத்துப்போனாலும் ஒரு அழகு. நம் ஊரில் ஏசி மெக்கானிக்கிடமே காப்பர் குழாயும் அதை வளைக்கும் பெண்டரும் இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல் அளவில் இருக்கிறது. ஏசி குழாய் அங்குலக் கணக்கு: அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. நம் ஃபிட்டிங் 12 மி.மீ. அந்த 0.7 மி.மீ.ஐ வலுக்கட்டாயமாக உள்ளே தள்ளினால் ஓ-ரிங் கிழியும். 12 மி.மீ. அளவில், வாட்டர் கூலிங்குக்கென்றே விற்கும் செம்புக் குழாயையோ நிக்கல் பூசிய பித்தளைக் குழாயையோதான் வாங்க வேண்டும்.

அது கிடைத்தாலும் முதல் லூப்புக்கு நான் சொல்லமாட்டேன். தண்ணீர் நிரப்பும்போது காற்று எங்கே சிக்கியிருக்கிறது என்பது தெளிவான குழாயில் கண்ணுக்குத் தெரியும். முதல்முறை கட்டுகிறவருக்கு அது பெரிய துணை. செம்பில் காதை வைத்துச் சளசளப்பைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணாடி, அதாவது போரோசிலிகேட், வீட்டில் வளைக்க முடியாது. முழுக்க நேர்த்துண்டுகள், மூலைக்கு மூலை 90 டிகிரி ஃபிட்டிங். குழாய் சேர்க்கும் இரண்டு துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் அது உட்காராது. கீறல் விழாது, மங்காது, பல வருடம் புதிது போலவே இருக்கும். வாடகை வீடு மாறும்போது வண்டியில் ஏற்ற வேண்டியவர்கள் யோசிக்கட்டும்.

வளைப்பதா, ஃபிட்டிங் போடுவதா

கண்ணாடிக்கு மட்டும் உள்ள வழி இல்லை இது. அக்ரிலிக்கையும் ஒரு இடத்தில்கூட வளைக்காமல், மூலைகளில் 90 டிகிரி ஃபிட்டிங்குகளை வைத்தே முழு லூப்பையும் முடிக்கலாம். ஃபிட்டிங் அதிகமானால் ஓட்டம் குறைந்து சூடு ஏறும் என்று பயமுறுத்துவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், 350 வாட் உமிழும் கார்டைக் கடக்கும்போது அதன் வெப்பம் 5 டிகிரிதான் உயரும். இரண்டு லிட்டர் ஓடினால் இரண்டரை. டி5 வகைப் பம்ப் சில ஃபிட்டிங்குகளை எளிதாகத் தாங்கும். இதே கணக்குதான் தண்ணீர் போக வேண்டியது "சிபியு முதலிலா, கார்டு முதலிலா" என்ற சண்டைக்கும் பதில்: எந்த வரிசையில் குழாய் குட்டையாகவும் நேராகவும் போகிறதோ அந்த வரிசை.

ஃபிட்டிங்கின் உண்மையான விலை வேறு. பணம் ஒன்று. ஒவ்வொரு ஃபிட்டிங்கும் கசிவதற்கு இன்னும் சில ஓ-ரிங்குகளைச் சேர்க்கிறது என்பது இன்னொன்று. நான் இரண்டையும் கலப்பேன்: ஒரு குழாய்க்கு ஒரு வளைவு, அதற்கு மேல் தேவைப்பட்டால் ஃபிட்டிங். ஒரே குழாயில் இரண்டு வளைவு, அதுவும் வெவ்வேறு திசையில் என்றால், குப்பைத்தொட்டிக்குப் போகும் துண்டுகளில் பாதி அங்கேதான் உருவாகும். அளந்து அறுத்துவிட்டு வளைக்காதீர்கள். இரண்டு பக்கமும் நீளமாக விட்டு வளைத்து, கேஸில் பிடித்துப் பார்த்து, பிறகு அறுங்கள். நீளம் குறைக்கலாம், கூட்ட முடியாது.

மிருதுக் குழாயை ஒதுக்கிவிட வேண்டாம்

ஹார்டு டியூப் பற்றிய அலசலில் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாயைக் கத்தரியால் வெட்டி, செருகி, மூடியைத் திருகினால் முடிந்தது. கிராஃபிக்ஸ் கார்டு மாற்றும்போது ஹார்டு டியூப் லூப்பில், புதுக் கார்டின் துளை ஒரு செ.மீ. தள்ளியிருந்தாலும் அந்தக் குழாய்கள் பயனில்லை. மறுபடி அளந்து வளைக்க வேண்டும். ரப்பர் குழாய் அந்த ஒரு செ.மீ.க்கு வளைந்துகொடுக்கும். அடிக்கடி கார்டு மாற்றுகிறவருக்கு என் பரிந்துரை ரப்பர்தான். தெளிவான பிவிசி மிருதுக் குழாய் மட்டும் வேண்டாம்; அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் மெல்லத் தண்ணீரில் கசிந்து, குழாய் மங்கி, பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் பசையாகப் படியும்.

ஹார்டு டியூப்தான் என்று முடிவெடுத்தால், லூப்பின் ஆகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீரை வடிக்க ஒரு பால் வால்வு (ball valve) வையுங்கள். முதல் லூப்பில் நான் வைக்கவில்லை. அந்த மூன்று சொட்டு நாளில், ஒரு ஆள் கேஸைச் சாய்த்துப் பிடிக்க, இன்னொரு ஆள் சமையலறைப் பாத்திரத்தைக் கீழே பிடிக்க, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இப்போது வால்வில் ஒரு குழாயை மாட்டித் திறந்துவிட்டால் பத்து நிமிடம்.

நிரப்பும் முன்

கசிவுச் சோதனையைத் தண்ணீரால் செய்யாமல் காற்றால் செய்யுங்கள். அளவி வைத்த சிறு கைப்பம்பால் 0.5 பார் வரை ஏற்றி, அரை மணி நேரம் முள் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். இந்த அரை மணியில் அறை வெப்பத்தை மாற்றாதீர்கள். 34 டிகிரியில் சோதனையை ஆரம்பித்துவிட்டு ஏசியைப் போட்டு 26க்குக் கொண்டுவந்தால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து, கசிவே இல்லாமல் முள் 0.04 பார் அளவுக்கு இறங்கும். அதைக் கசிவு என்று நம்பி எல்லா ஃபிட்டிங்கையும் கழற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்திருக்கிறேன்.

ஆர்ஓ தண்ணீரோ கேன் தண்ணீரோ வேண்டாம், உப்பு மிச்சம் இருக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு அரிப்புத் தடுப்பானும் பாசி தடுப்பானும் சேர்க்க வேண்டும், அல்லது தயாராகக் கிடைக்கும் தெளிவான கூலண்ட் வாங்க வேண்டும். பால் போன்ற நிறக் கூலண்டில் மிதக்கும் துகள்கள் காலப்போக்கில் படியும். முதல் லூப்பில் அந்தத் தலைவலி எதற்கு. செம்பு, பித்தளை, நிக்கல் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அலுமினிய ரேடியேட்டரை மட்டும் அவற்றோடு சேர்க்காதீர்கள், அரித்துவிடும்.

பம்பின் வேகத்தைச் சொல்லும் கம்பியை மதர்போர்டின் சிபியு ஃபேன் மாட்டும் ஹெடரில் (கம்பி செருகும் இடம்) மாட்டுங்கள். பெரும்பாலான போர்டுகள் அங்கே சுழற்சி தெரியவில்லை என்றால், பிசியைப் போட்டதுமே சிபியு ஃபேன் எரர் என்று நிறுத்திவிடும். என் பம்பின் அந்த மெல்லிய கம்பி அன்று எதிலும் மாட்டப்படாமல் கேஸின் பின்பக்கம் சுருட்டி டேப் ஒட்டி இருந்தது.